சாமானும் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது

லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டி ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். பதிவே இல்லாமல் ஒரு கம்பெனி தொடங்கி, ஊரார் வீட்டு பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், பூஜை அறைக் குத்துவிளக்கு வரை லாரியில் ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய்ப் பிடிபட்டால், முதல் முறைக்கு அபராதம் 5,000 ரூபாய் வரை. ஸ்கூட்டிக்காரருக்கு அந்த 'வரை' கிடையாது. முழுசாகக் கட்ட வேண்டும். கம்பெனிக்காரருக்கு உண்டு. இரண்டாம் முறை பிடிபட்டால் 10,000 வரை. முப்பதாம் முறை பிடிபட்டாலும் அதே 10,000 வரைதான். ஒரு குடும்பத்தின் சாமானை ஊர் மாற்ற அவர் வாங்கும் தொகையில் இதெல்லாம் டீச் செலவு. சட்டப் புத்தகத்தில் இதைத் 'தண்டனை' என்ற தலைப்பின் கீழ் அச்சிட்டிருக்கிறார்கள். நகைச்சுவைப் பகுதி என்று தனியாக ஒன்று அந்தப் புத்தகத்தில் இல்லாததால் இருக்கலாம்.

சட்டமே இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் இல்லாதது சட்டமா? 1865இல் வெள்ளைக்காரன் ஒரு கேரியர்ஸ் சட்டம் போட்டான். லாரி என்ற ஒன்றே பிறக்காத காலம். வெள்ளைக்காரன் போய் 60 ஆண்டுகள் அந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு இருந்தோம். 2007இல் விழித்துக்கொண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்த நாள் 2011 மார்ச் 1. டெல்லியில் புறப்பட்ட சட்டம் டெல்லிக்கே வந்து சேர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பார்ட் லோடில் அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் சட்டத்தைப் படித்தால் அசந்துபோவீர்கள். அவ்வளவு நல்ல சட்டம். கூலிக்குச் சரக்கு ஏற்றுகிறவர் மட்டுமல்ல, சரக்கைச் சேகரிப்பவர், கிடங்கில் வைப்பவர், அனுப்பி வைப்பவர், காண்ட்ராக்டர், ஏஜென்ட், புரோக்கர், கூரியர்காரர் எல்லோரும் 'காமன் கேரியர்' என்ற பெயரில் அதன் வலைக்குள் வருகிறார்கள். மாநிலப் போக்குவரத்து ஆணையத்திடமோ வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடமோ பதிவுச் சான்று வாங்காமல் இவர்களில் ஒருவரும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. வாங்கிய சான்று பத்தாண்டு செல்லும். ஒருவர்கூட நழுவ முடியாதபடி வலை பின்னியிருக்கிறார்கள். பின்னிய வலையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

சந்தேகமிருந்தால் உங்கள் தெருமுனை பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். "உங்க காமன் கேரியர் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன?" பையன் முகம் மலரும். "எல்லா கேரியரும் இருக்கு சார். டாடா ஏஸ், 407, பதினாலு அடி ஐஷர். உங்களுக்கு எது வேணும்?" அவனைக் குற்றம் சொல்லாதீர்கள். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டிய அதிகாரி கேட்கவில்லை. கேட்க உரிமையுள்ள நாமும் கேட்கவில்லை. நாம் கேட்டது ஒன்றுதான். "கொஞ்சம் குறைச்சுக்க மாட்டீங்களா?"

சரி, விடாமல் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். முதலாளி உள்ளேயிருந்து வருவார். கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதங்களைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் அடுக்குவார்.

முதலில் வருவது ஜி.எஸ்.டி. சான்றிதழ். அது வரி வசூலிக்க அவருக்குக் கொடுத்த எண். உங்களிடம் 18 விழுக்காடு கறப்பதற்கு அனுமதி. உங்கள் கட்டிலைப் பத்திரமாகக் கொண்டுபோவார் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அடுத்தது அசோகச் சின்னம் போட்ட உத்யம் பதிவு. இதைக் காட்டித்தான் விளம்பரத்தில் 'கவர்மென்ட் அப்ரூவ்டு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சிறு தொழில்களுக்காக 2020 ஜூலையில் வந்த பதிவு இது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். கட்டணம் கிடையாது. ஆவணம் எதையும் ஏற்ற வேண்டாம். நான் இன்ன தொழில் செய்கிறேன் என்று நீங்களே சொல்ல வேண்டும். அரசு கேட்டுக்கொள்ளும். கேட்டுக்கொண்டதற்கு அத்தாட்சியாக ஒரு காகிதம் தரும். கேட்டுக்கொள்வதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றென்று ஆக்கிய பெருமை நம் விளம்பரக்காரர்களுக்கே சேரும்.

மூன்றாவது ஐ.எஸ்.ஓ. 9001. இதைப் பார்த்தால் படித்தவர்கள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜெனீவாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அது தரநெறிகளை எழுதுவதோடு சரி. சான்று தருவது வேறு நிறுவனங்கள். அதில் நல்லவையும் உண்டு, ஜெராக்ஸ் கடைக்கு அண்ணன் முறையானவையும் உண்டு. யார் தந்தது என்று சின்ன எழுத்தைப் படிக்க யாருக்கு நேரம்? தங்க நிற முத்திரை இருக்கிறது. நீல ரிப்பன் இருக்கிறது. போதும்.

நான்காவதுதான் மகுடம். ஐ.பி.ஏ. அப்ரூவ்டு. இந்திய வங்கிகள் சங்கம் லாரி கம்பெனிகள் சிலவற்றைப் பரிந்துரைக்கும் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. சரக்கு அனுப்பிய வியாபாரி லாரி ரசீதைக் காட்டி வங்கியில் பணம் வாங்கும்போது, அந்த ரசீதை வங்கி நம்பலாமா என்பதற்கான ஏற்பாடு அது. வங்கியின் பணத்தைக் காப்பாற்றப் பிறந்தது. உங்கள் அலமாரிக் கண்ணாடியைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இல்லை. பட்டியலில் உண்மையிலேயே பெயர் உள்ள கம்பெனிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். பெயரே இல்லாமல் போர்டில் மட்டும் எழுதிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? எழுத பெயிண்டருக்கு ஆகும் செலவுதானே.

போலி போர்டு என்றதும் இன்னொரு சங்கதி. இணையத்தில் 'பில் ஃபார் கிளெய்ம்' என்று தேடிப் பாருங்கள். சாமான் ஏற்ற வேண்டாம். லாரி வர வேண்டாம். வீடே மாற வேண்டாம். சென்னையிலிருந்து நாக்பூருக்குச் சாமான் போனதாக பில், லாரி ரசீது, எடைச் சீட்டு, பணம் பெற்ற சீட்டு, சாமான் பட்டியல் எல்லாம் உங்கள் பெயரில் அச்சிட்டு வீட்டுக்கே அனுப்புவார்கள். இதை வாங்குகிறவர் யார்? மாற்றலாகிப் போகும்போது சாமான் கொண்டுபோக அரசும் வங்கியும் பொதுத்துறையும் படி தருகின்றனவே, அந்தப் படியை முழுசாக வாங்க ஆசைப்படும் கனவான்கள். ஒரு சூட்கேஸோடு ரயிலேறியவர் கணக்கில் ஆறு டன் சாமான் போகிறது. அந்த பில்லைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அடுத்த மாற்றலுக்கு அதே கடையில்தான் வாங்குவார். போலிக் கம்பெனியைப் போஷித்து வளர்த்த புண்ணியவான்கள் இவர்கள்தாம். அப்புறம் தன் மகள் வீட்டுச் சாமானை அதே மாதிரி ஒரு கம்பெனி அமுக்கிவிட்டால், "நாட்டில் நேர்மையே இல்லை சார்" என்று காலை நடையில் நண்பர்களிடம் கொதிப்பார்.

நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஆடியில் வீடு மாற மாட்டோம். மார்கழியில் மாட்டோம். ராகு காலம் கழிய வேண்டும், எமகண்டம் கழிய வேண்டும். கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும், பால் பொங்க வேண்டும். ஜோசியரிடம் மூன்று முறை கேட்ட நாம், ஆயுள் முழுக்கச் சேர்த்த சொத்தை ஏற்றிக்கொண்டு போகிறவன் யார் என்று ஒரு முறை கேட்பதில்லை. கைப்பேசியில் முதலில் வந்த பெயரை அழுத்துகிறோம். நாடறிந்த ஒரு பெரிய கம்பெனியின் பெயர் மாதிரியே இருக்கிறது. ஓர் எழுத்து மட்டும் கூடுதல். அந்த ஓர் எழுத்தில்தான் அவர் பிழைக்கிறார்.

அந்தப் பெயரைக் காட்டிய இணையதளத்திலும் பச்சை டிக் உண்டு. 'சரிபார்க்கப்பட்டவர்' என்று. யார் சரிபார்த்தார், எதைச் சரிபார்த்தார் என்று எழுதியிருக்காது. உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்த ஐந்தாவது நிமிடம் ஐந்து கம்பெனியிலிருந்து அழைப்பு வரும். அப்போது புரியும், அந்த இடத்தில் விற்பனைக்கு இருந்த சரக்கு நீங்கள் என்று.

இப்போது இன்ஷூரன்சுக்கு வருவோம். இந்தத் தொழிலின் மொத்தக் கலையும் இங்கேதான் இருக்கிறது.

வேளச்சேரியிலிருந்து கோவை சரவணம்பட்டிக்குச் சாமான் போக வேண்டும். கூலி 20,000 ரூபாய் என்று பேசியாயிற்று. "சாமான் மதிப்பு எவ்வளவு சார்?" என்பார். நீங்கள் கௌரவமாக ஐந்து லட்சம் என்பீர்கள். அதில் 3 விழுக்காடு டிரான்சிட் இன்ஷூரன்ஸ், 15,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 2,700. ஆக 17,700 ரூபாய். கூலிக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் காப்பீடு. பில்லில் ஒரு வரி ஏறும். அவ்வளவுதான். பாலிசி எண்? வராது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்? இருக்காது. கேட்டால், "நம்ம கம்பெனியே கிளெய்ம் குடுத்துடும் சார், நீங்க கவலையே படாதீங்க" என்பார்.

கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். 1938ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டப்படி, பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் இந்தியாவில் காப்பீட்டுத் தொழில் நடத்தக் கூடாது. ஹைதராபாத்தில் அதற்கென்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஆணையமே இருக்கிறது. பபுள் ரேப் சுற்றுகிறவர் பிரீமியம் வசூலித்தால் அதற்கு வேறு பெயர். ஆனால் வசூலிக்கிறார். பில் போட்டு வசூலிக்கிறார். அதற்கு வரியும் வாங்கி அரசுக்குக் கட்டுவதாகச் சொல்கிறார். கட்டியிருந்தால், இல்லாத காப்பீட்டுக்கு இருக்கிற வரி வாங்கிய சாதனையை அரசு சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறது.

ரொம்பவும் நெருக்கினால் ஒரு பாலிசி நகலைக் காட்டுவார். உற்றுப் பாருங்கள். லாரியின் பாலிசி அது. மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு. லாரி யார் மேலாவது மோதினால் மோதப்பட்டவருக்கு இழப்பீடு கிடைக்கும். லாரிக்குள் இருக்கும் உங்கள் வாஷிங் மெஷினுக்கு ஒரு பைசா கிடைக்காது. இழப்பீடு வேண்டுமென்றால் வாஷிங் மெஷின் லாரிக்கு முன்னால் சாலையைக் கடந்திருக்க வேண்டும்.

உண்மையான சரக்குக் காப்பீடும் உண்டு. ஒழுங்கான கம்பெனிகள் வாங்கித் தருகின்றன, இல்லையென்று சொல்லவில்லை. அதிலும் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ வகை கிட்டத்தட்ட எல்லா ஆபத்துக்கும். பி வகையென்றால் தீ, மின்னல், பாலம் இடிவது, வண்டி மோதுவது, கவிழ்வது போன்றவை. உடைசலும் திருட்டும் அதில் வராது. சி வகையில் தீயும் மின்னலும் மட்டும். நம் கைக்கு வரும் மலிவான பாலிசி எந்த வகை என்று நமக்குத் தெரியாது. டிவி திரை விரிசல் விட்டது என்று ஓடுவோம். இடி விழுந்ததா என்று கேட்பார்கள். ஏ வகையே இருந்தாலும், கட்டியது சரியில்லை என்றால் பணம் இல்லை. கட்டியது யார்? பாலிசி வாங்கித் தந்த அதே கம்பெனி.

இதில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. காப்பீடு என்று தனியாகக் காசே கொடுக்காவிட்டாலும், சாமான் சேதமானால் கேரியர் பொறுப்பு. 2011 விதிகளின்படி கூலியைப் போல் பத்து மடங்கு வரை, நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்புக்கு மேற்போகாமல். 20,000 ரூபாய் கூலிக்கு இரண்டு லட்சம் வரை. இயற்கைச் சீற்றம், போர், கலவரம் என்று சட்டம் சொல்லும் சில காரணங்களைத் தவிர மற்ற எதையும் சொல்லி அவர் தப்ப முடியாது. இதைக் கேட்க, சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். எந்த மூவர்ஸ் பில்லின் பின்பக்கத்தில் இது அச்சாகியிருக்கிறது? பின்பக்கத்தில் அச்சாகியிருப்பது வேறு. கண்ணாடி உடைந்தால் பொறுப்பில்லை. மின்சாதனம் பழுதானால் பொறுப்பில்லை. மழையில் நனைந்தால் பொறுப்பில்லை. வழக்கு என்றால் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டும். எல்லாவற்றுக்கும் மேல், 'ஓனர்ஸ் ரிஸ்க்'. இப்படி எழுதிவிட்டால் கேரியரின் அலட்சியம் மன்னிக்கப்பட்டுவிடாது என்று 2000இல் நாத் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியாயிற்று. உச்ச நீதிமன்றம் சொன்னது அச்சகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

சாமான் பட்டியலையும் கவனியுங்கள். ஏற்றும்போது ஒருவர் அட்டையில் தாள் வைத்து எழுதிக்கொண்டே வருவார். சோபா: பழையது, கீறல் உண்டு. போன மாதம் வாங்கிய ஃபிரிட்ஜ்: பழையது, கீறல் உண்டு. பிரிக்காத பெட்டியில் இருக்கும் மிக்ஸி: பழையது, கீறல் உண்டு. உங்கள் வீட்டில் கீறலே இல்லாத பொருள் ஒன்று இல்லை என்று அரை மணி நேரத்தில் நிரூபித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார். லாரி கிளம்பும் அவசரத்தில் நீங்களும் போட்டுவிடுவீர்கள். இறக்கும்போது விழுந்த கீறல் எல்லாம் ஏற்றும்போதே இருந்ததாக நீங்களே சாட்சி சொல்லியாயிற்று.

லாரி கிளம்பிவிட்டது. யாருடைய லாரி? பேசியது ஒருவர், கட்டியது ஒருவர், ஓட்டுவது ஒருவர். ரிட்டர்ன் லோடு தேடிக்கொண்டிருந்த வண்டியில் மாதவரத்தில் மாற்றி ஏற்றியிருப்பார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் போன் வரும். சாமான் சொன்னதைவிட ஜாஸ்தியாம். 20,000 இப்போது 38,000. கட்டினால்தான் வண்டி நகரும். கட்டாவிட்டால் கிடங்கில் இறக்கி நாள் வாடகை போடுவார்கள். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் மருந்துப் பெட்டி, அம்மாவின் தாலிக்கொடி வைத்த டப்பா எல்லாம் அந்த லாரியில். கட்டுவீர்கள். கட்டாமல் என்ன செய்வீர்கள்?

போலீசுக்குப் போவீர்கள். போங்கள். "இது சிவில் மேட்டர்மா. கோர்ட்ல பாத்துக்கோங்க." இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழ்நாட்டின் எந்தக் காவல் நிலைய வாசலிலும் கல்வெட்டாகவே பொறித்து வைக்கலாம், வாய் வலியாவது மிச்சமாகும். மன்றாடினால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். பாரதிய நியாய சம்ஹிதையின் 316ஆம் பிரிவைத் திறந்தால், சரக்கை நம்பி ஒப்படைக்கப்பட்ட கேரியர் நம்பிக்கை மோசடி செய்தால் ஏழாண்டு வரை சிறை என்று தனியாக உட்பிரிவே போட்டிருக்கிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 407 என்று இருந்ததுதான். எண்ணை மாற்றினார்கள், பெயரை மாற்றினார்கள், வாசலில் சொல்லும் வாக்கியத்தை மட்டும் மாற்றவில்லை.

அதே நெடுஞ்சாலையில் அரசாங்கம் தூங்குகிறது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விழித்திருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட புதுச் சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் இ-வே பில் வேண்டும். எங்கே ஏறியது, எங்கே இறங்குகிறது, எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர், எந்தத் தேதிவரை செல்லும் என்று எல்லாம் கணினியில். பில் இல்லையென்றால் வண்டியையே பிடித்து வைப்பார்கள். ஆனால் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் வேண்டியதில்லை. கடையிலிருந்து ஃபிரிட்ஜ் போனால் அது இருக்கும் இடம் அரசுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலிருந்து போனால் தெரியாது. உங்கள் ஃபிரிட்ஜின் வரியை ஏற்கெனவே வாங்கியாயிற்று. இனி அது எக்கேடு கெட்டால் என்ன?

இந்தக் கதையில் ஒரே ஒருவரை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு படியேறுகிறானே, அந்த லோடுமேன். டிவிக்கு இன்ஷூரன்ஸ் கேட்கிறோம். டிவியைத் தூக்குகிறவன் விழுந்தால்? தமிழ்நாடு 1982இலேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகச் சட்டம் போட்ட மாநிலம். நலவாரியம் எல்லாம் உண்டு. காலையில் கோயம்பேட்டுப் பக்கம் நின்றவனை அன்றைய கூலிக்கு ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனிக்கு அவன் முழுப் பெயர்கூடத் தெரியாது. சாமான் பட்டியலில் அவனுக்கு ஒரு வரி இல்லை. இருந்தால் அதிலும் எழுதியிருப்பார்கள், பழையது, கீறல் உண்டு என்று.

ஆக, அரசு நமக்கு என்ன சொல்கிறது? விழிப்புடன் இருங்கள் என்கிறது. நன்றி. இருக்கிறோம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போய்ப் பதினைந்து இலக்க எண்ணைத் தட்டிப் பார்க்கிறோம். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். பெயர் பொருந்துகிறதா, பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று பார்க்கிறோம். வந்து நிற்கும் வண்டிக்கு மஞ்சள் பலகைதானா என்று பார்த்து, எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு, தகுதிச் சான்றும் காப்பீடும் காலாவதியாகவில்லையே என்று பார்க்கிறோம். பாலிசி எண்ணை வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கே போன் போட்டு, என் பெயரில், இந்தப் பயணத்துக்கு, இந்த மதிப்புக்கு, எந்த வகையில் பாலிசி இருக்கிறது என்று கேட்கிறோம். கேரியர் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்க்கிறோம். அலுவலக முகவரிக்கு நேரில் போய் அங்கே கம்பெனி இருக்கிறதா, சலூன் இருக்கிறதா என்று பார்க்கிறோம். சாமானை ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுக்கிறோம். மதிப்பை எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். முழுப் பணத்தையும் முன்னால் கொடுப்பதில்லை. இதையெல்லாம் கட்டாயம் செய்யுங்கள். வேறு வழியில்லை. செய்து முடித்தபின் ஒரு கணக்கும் போடுங்கள். வரி அலுவலர் வேலை, போக்குவரத்து ஆய்வாளர் வேலை, காப்பீட்டு ஆணையத்தின் வேலை, பாதிக் காவலர் வேலை. நாலு பேர் வேலையைச் செய்துவிட்டோம். அந்த நாலு பேருக்கும் ஒன்றாம் தேதி சம்பளம் ஏறிவிட்டது. நம் வரியில்.

இவ்வளவுக்கும் மேல் சாமான் போய்விட்டதா? நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டம் நல்ல சட்டம், மறுபடியும் அதே பாராட்டு. பில்லில் எந்த ஊர் நீதிமன்றம் என்று அச்சிட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குப் பணம் கட்ட வேண்டாம். 1915க்கு போன் போடலாம். இணையத்தில் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த நோட்டீஸ் முதலில் போய்ச் சேர வேண்டுமே. முகவரியில் சலூன் அல்லவா இருக்கிறது? பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு கம்பெனி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. வீடு மாறுவது அவர்களுக்கு மட்டும் இவ்வளவு சுலபம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வண்டி எண்ணைத் தட்டினால் நொடியில் அதன் ஜாதகத்தையே சொல்லும் போக்குவரத்துத் துறையால், கம்பெனிப் பெயரைத் தட்டினால் பதிவு உண்டா இல்லையா என்று அதே கைப்பேசித் திரையில் சொல்ல முடியும். கேரியர் பதிவு எண்ணை எழுதாத பில்லும் விளம்பரமும் செல்லாது என்று ஒரு வரி ஆணை போட முடியும். பதிவு எண் இல்லாத ரசீதை இணைத்தால் மாற்றல் படி கிடையாது என்று சொன்னாலே போதும், அரசு ஊழியர்கள் ஒரே மாதத்தில் இந்தத் தொழிலைச் சுத்தம் செய்துவிடுவார்கள். தங்கள் படி என்று வந்தால் அவர்கள் காட்டும் வேகம் நாம் அறியாததா?

போடுவார்களா என்றால், தெரியாது. ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருப்பவருக்கும் மாற்றல் வரும். பதிவு பெற்ற கேரியர்களின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டிய அலுவலகம் அது. அதைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார். மாடிப்படியில் எதிர்ப்படும் நம்மை நிறுத்தி விசாரிப்பார். "சார், நல்ல மூவர்ஸ் யாராவது உங்களுக்குத் தெரியுமா?"